வீட்டு வளவிலே பன்னிற மிளகாய்

மிளகாய் என்றதும் யாழ்ப்பாணத்தவரின் மனக்கண்முன் தோன்றும் நிறங்கள் இரண்டே. பச்சை கறிக்கு, சிவப்பு வெயிலிற் காய்ந்து செத்தலாகித் தூளுக்கு. ஆயினும் ஊதா, மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு எனப் பல நிறங்களிற் காய்க்கும் மிளகாய்களும் உலகில் உள. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிய இப்பயிரைக் கீழைத்தேசங்களுக்குக் கொணர்ந்தோர் 16ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கேயர்.

குடாநாட்டுத் தோட்டங்களில் சிவப்பே நிலைபெற்றதற்குச் சந்தையே காரணம். 1970ஆம் ஆண்டிற் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செத்தல் மிளகாய் நல்ல விலை பெற்றது. செம்மண் தோட்டங்கள் செழித்தன. 1977இன் பின்னர் இறக்குமதி தாராளமாக்கப்படவே அவ்விலை நிலைக்கவில்லை. சந்தையை நம்பிய தோட்டக்காரர் அது கேட்ட நிறத்தையே விளைவித்தார். பிற நிறங்களுக்கு ஏற்ற இடம், விலையை எதிர்பாராத வீட்டு வளவே.

காயின் பச்சை நிறம் பச்சையத்தால் அமைவது. அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அதனோடு சேரும்போது காய் ஊதாவாகவோ கறுப்பாகவோ தோன்றும். நல்ல வெயில் படும் இடத்தில் இந்நிறம் மிகும். வேலியோர நிழலில் மங்கும். பழுக்கும்போது அது மறைய, பெரும்பாலான ஊதாக் காய்கள் சிவப்பாகிவிடும். உறைப்புக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. உறைப்பைத் தரும் கப்சாயிசின், விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான உட்பகுதியில் உண்டாவது. இலை சுருண்டு மஞ்சளாகும் செடியோ புதுமையன்று. அது நோயுற்ற செடி.

ஒரு செடியின் அழகு கண்டு விதை எடுத்தவர், மறுபோகத்தில் வேறு நிறக் காய்களைக் கண்டு ஏமாறுவதுண்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. ஆயினும் தேனீக்கள் அயற்செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து கலந்துவிடும். அக்கலப்பு அவ்வாண்டுக் காயிலே தெரியாது. அதன் விதையிலிருந்து முளைக்கும் செடியிலேயே வெளிப்படும். இதனைத் தடுக்க, பூ விரியுமுன் மொட்டுகள் உள்ள கிளையை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுதல் வேண்டும். நாள்தோறும் கிளையை மெதுவாக அசைத்துவிடலாம். பிஞ்சு பிடித்ததும் பையை நீக்கி, அடையாளத்துக்கு நூல் கட்டுக. காய் ஊதாவாயிருக்கையிற் பறித்தால் விதை முற்றியிராது. நன்கு பழுத்தபின் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில் அடைத்து, நிறத்தையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

பெருமழை ஓய்ந்தபின் நடப்படும் நாலைந்து கன்றுகளுக்குக் கிணற்றடி நீரும் சிறிது மாட்டெருவுமே போதும். ஆயினும் ஒரேயொரு வீட்டில் உள்ள விதை, ஒரு போகம் தவறினால் அற்றுப்போகும். அயலவர் இருவருக்குக் கொடுத்து வைத்தால், இழந்தவர் திரும்பப் பெறலாம். சந்தை பேணாத நிறத்தைப் பேணக்கூடியவை வீட்டு வளவுகளே.