செய்தியோடை

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எமது தோழர் ஒருவர் புலமைப்பரிசில் ஒன்றிற்கு விண்ணப்பிக்கத் தவறினார். அறிவித்தல் உரிய நாளிலேயே இணையதளத்தில் வெளிவந்திருந்தது. சமூக வலைத்தளமொன்றிலும் அதனை இட்டிருந்தார்கள். தோழரும் அப்பக்கத்தைப் பின்தொடர்பவரே. ஆயினும் அது அவர் கண்ணிற் பட்டது முடிவுத் திகதி கழிந்து ஐந்தாம் நாள். அன்று மாலை அவருடைய தந்தையார் ஒன்றும் பேசாது எழுந்து தென்னந்தோட்டத்துப் பக்கம் போனதை நாம் கண்டோம். இன்றைய பேச்சு அதனாற் பிறந்தது.

கொழும்பில் இருப்பவர்க்கு ஒரு செய்தி தவறினால் பக்கத்து அறையார் சொல்லுவர். புத்தளத்திற்கும் சிலாபத்திற்கும் இடையே மதுரங்குளியில் இருக்கும் நமக்கு யார் சொல்லுவார்? சமூக வலைத்தளங்களோ எதை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதைத் தம் கணக்கின்படியே தீர்மானிக்கின்றன. அக்கணக்கில் நமது முடிவுத் திகதிக்கு இடமில்லை.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. செய்தியோடை என்பது அதன் பெயர். ஓர் இணையதளத்திற் புதிதாய் ஏறியவற்றின் தலைப்பு, திகதி, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை வரிசையாய் எழுதிவைத்த சிறு கோப்பே அது. கைப்பேசியில் உள்ள ஓடை வாசிப்பான் என்னுஞ் செயலி, நாம் சொல்லிய தளங்களின் கோப்புகளைக் குறித்த நேரத்திற்கு ஒருமுறை போய்ப் பார்த்து, புதியது இருப்பின் கொண்டுவந்து சேர்க்கும். சின்னத் தம்பியை அனுப்பிப் பாடசாலையிலும் தபாற்கந்தோரிலும் உள்ள அறிவித்தற் பலகைகளைப் பார்த்துவரச் செய்வதை இஃது ஒக்கும். தம்பி மிட்டாய் கேட்பான். இஃது அதுவுங் கேளாது. பத்திரிகைக்குச் சந்தா என்றால் பணமும் விலாசமும் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான ஓடைகளுக்கு இரண்டும் வேண்டியதில்லை.

1999 மார்ச்சு மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தார் இதனை ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரில் வெளியிட்டனர். (பாரதத்தில் அப்பெயர் கொண்ட இயக்கத்திற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. பெரியோர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தமையாற் சொல்ல நேர்ந்தது.) 2000 டிசம்பரில் வந்த திருத்தப் பதிப்பை ஆக்கியவர்களுள் ஒருவரான ஆரன் சுவாட்ஸ் என்பாருக்கு அப்போது வயது 14. எம் வயதையொத்த வாலிபர்கள் இதனைக் கேட்டுச் சற்று வெட்கப்படலாம், நாம் பட்டோம்.

தமிழரும் இதிற் பின்தங்கவில்லை. 2004 இல் காசி ஆறுமுகம் அவர்கள் தமிழ்மணம் என்னுந் திரட்டியைத் தொடங்கினார். உலகெங்கும் சிதறியிருந்த தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை அது ஓரிடத்தே திரட்டிக் காட்டிற்று. பின்னாளில் அது நின்றுபோயிற்று. 2005 இல் தோன்றிய கூகிள் ரீடரும் 2013 யூலை 1 ஆந் திகதி மூடப்பட்டது. இவ்விடத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கூகிள் ரீடரைப் பயன்படுத்தியவர்கள் தம் சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு வாசிப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடை மூடிற்று, பட்டியல் அவர்கள் கையிலேயே இருந்தது. சமூக வலைத்தளமொன்று நாளை மூடினால் நாம் எதை எடுத்துக்கொண்டு வெளியேறுவோம்?

குறைகளும் உண்டு, மறைத்தல் தகாது. எல்லாத் தளங்களும் ஓடை தருவதில்லை. சில தலைப்பை மட்டுந் தரும். ஐம்பது ஓடைகளைச் சேர்த்துவைத்து ஒன்றையும் வாசியாதவரும் உளர்; அவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம். வேர்ட்பிரஸ் கொண்டு அமைத்த தளமாயின், முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு 'ஃபீட்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் ஓடை கிட்டும். செம்மஞ்சட் சதுரத்தில் ஒரு புள்ளியும் இரு வளைகோடுகளுங் கண்டால் அதுவும் ஓடையின் அடையாளமே. அன்ட்ரொயிட் கைப்பேசிக்கு ஃபீடர் என்னுஞ் செயலியும், ஐபோனுக்கு நெட்நியூஸ்வயரும் இலவசமாய்க் கிடைக்கின்றன.

கூட்டம் முடிந்ததும் நாம் பின்வாங்கிலில் இருப்போம். தாம் வழக்கமாய்ப் பார்க்கும் மூன்று தளங்களின் பெயரோடும் கைப்பேசியோடும் வருவோர்க்கு அங்கேயே அமைத்துக் கொடுப்போம். முதலிற் சொன்ன தோழரும் உதவிக்கு இருப்பார். அவர் இப்போது ஏழு ஓடைகள் வைத்திருக்கிறார்.