வன்னியிலைக் கூலி

பட்டம் பெறும் பிள்ளைகளே, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இவர்களைப் படிக்கவைத்த பெற்றோரே,

சான்றிதழ் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பளம் வரும் நாளுக்கும் நடுவே சில மாதங்கள் கிடக்கும். அம்மாவின் நகை அடகில் இருக்கும். கல்விக் கடனுக்கு வங்கியிலிருந்து கடிதம் வரும். “ஆண்டவன் படியளப்பான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அதை முழுமனதாக நம்புகிறவன். அவன் எப்படி அளக்கிறான் என்பதை உங்கள் விருத்தாசலமே சொல்லிவைத்திருக்கிறது.

பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் அங்கே திருப்பணி செய்தபோது, அன்றாடக் கூலியாக அந்த மரத்து இலைகளைத்தான் கொடுத்தார் என்பது தலவரலாறு. வேலைக்கேற்ற அளவில் அந்த இலை பொன்னானது. வேலை செய்யாதவன் கையில் இலையாகவே இருந்தது. காசில்லையே என்று முனிவர் பணியை நிறுத்தவில்லை. இலையா கூலி என்று ஆட்களும் எழுந்து போய்விடவில்லை. எனக்குப் பொன்னைவிட அதுதான் பெரிய அற்புதமாகப் படுகிறது.

நம் பீங்கான் தொழிலிலும் இப்படித்தான். சூளை மூட்டும்போது கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறோம். கும்பிட வேண்டும். ஆனால் சரியாகக் காயாத களிமண்ணைச் சூளையில் வைத்தால், உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி உருப்படியை வெடிக்க வைக்கும். எந்தக் கற்பூரமும் அதைத் தடுக்காது. அரைத்து, சலித்து, அச்சில் ஊற்றி, பொறுமையாக உலர்த்தியவனுக்குத்தான் அந்தக் கும்பிடு நிம்மதி தரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இல்லாதபோது கேட்பதற்குக் கூசாதீர்கள். சுந்தரர் திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இதே விருத்தாசலத்தில் இறைவனிடம் வாய்விட்டுப் பொன் கேட்டார். கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் இடும் முன், மாற்றுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாராம்! கடவுள் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வைத்துக்கொண்ட அடியாரை நாம் கும்பிடுகிறோம். ஆகவே வேலைக்குச் சேரும்போது சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் தெளிவாகக் கேட்டு வாங்கினால் பக்தி குறைந்துவிடாது.

பஞ்சம் வந்த திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்த கதையும் உண்டு. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடையில் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். கைத்தொண்டு செய்த அப்பரின் காசு அப்படியே செல்லுபடியானது. அந்தக் காசை இருவரும் முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. ஊர் பசியாறச் செலவிட்டார்கள். படிக்காசு வந்ததே அதற்காகத்தான்.

கதைதானே என்று சிலருக்குத் தோன்றலாம். நெய்வேலியைத் தாண்டி வடலூருக்குப் போய்ப் பாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பில் இன்றும் சோறு வேகிறது. அவரிடம் சொத்து ஏதும் இல்லை. நிலத்தை ஊரார் கொடுத்தார்கள். அரிசியை இன்றுவரை யார் யாரோ கொடுக்கிறார்கள். இறைவன் அளக்கும் படி பெரும்பாலும் இன்னொரு மனிதன் கை வழியாகத்தான் வருகிறது. உங்கள் தேர்வுக் கட்டணத்தை யாரோ ஒரு சித்தப்பாவோ ஆசிரியரோ கட்டியிருப்பார். அவர் முகம் இந்நேரம் உங்கள் நினைவில் வரும்.

நாளை நீங்கள் இன்சுலேட்டர் ஆலையில் சேரலாம், தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு சூளை போடலாம். முதல் சம்பளத்தில் வீட்டுக் கடனுக்கு ஒரு பங்கு வையுங்கள். இன்னொரு பங்கை எடுத்து, விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் முதலாமாண்டுத் தம்பியோ தங்கையோ யாரென்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, அந்தப் பிள்ளையின் பெயரில் கட்டிவிடுங்கள்.