வெளியே வந்தவருக்குத் துணை யார்?

1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, தோக்கியோவின் பாதாள ரயில்களில் 'சரின்' எனும் நச்சுவாயு பரப்பப்பட்டது. அதற்குப் பலியானோர் 14 பேர். பாதிக்கப்பட்டோர் பல்லாயிரம். இதைச் செய்தது 'ஓம் சின்ரிக்யோ' என்ற சமயக் குழு. இரண்டு நாளில் போலீசார் அதன் வளாகத்துக்குள் நுழைந்தபோது, நச்சுக்காற்றைக் கண்டறியக் கூண்டில் கேனரிப் பறவைகளைக் கொண்டு சென்றார்கள்.

அதே ஆண்டு, அக்குழுவை விட்டு விலகியவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர் 'கேனரி சங்கம்'. அந்தப் பெயரைக் கேட்ட ஜப்பானியர் எவருக்கும் கூண்டும் போலீசாரும் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஓம், சிவன், யோகம் எல்லாம் நாம் பிறந்தது முதல் கேட்ட சொற்கள்தானே? அவற்றையே அக்குழுவும் சொன்னது. 1984இல் அது ஒரு யோக வகுப்பாகத்தான் தொடங்கியது. பிறகு துறவு என்றார்கள். துறவு பூண்டவர் சொத்து முழுவதையும் குழுவிடம் ஒப்படைத்து, பெற்றோரையும் மறக்க வேண்டும். விலகினால் நரகம் என்று மனத்தில் பதிய வைத்தார்கள்.

வெளியே வந்த பிறகும் அந்த நரக பயம் விடுவதில்லை. தியானத்தில் கண்ட ஒளி உண்மைதானே என்று மனம் வாதாடும். "பைத்தியமா உனக்கு?" என்று வீட்டார் கேட்டால், வாய் அடைத்துப்போகும், வேறொன்றும் ஆகாது. "எனக்கும் அந்த ஒளி தெரிந்தது. அன்று நமக்குக் குடிக்கக் கொடுத்ததில் போதைப்பொருள் கலந்திருந்தது" என்று, அதே பாயில் உட்கார்ந்து எழுந்த ஒருவர் சொன்னால்தான் காதில் ஏறும். 1994இல் தீட்சை என்ற பெயரில் அக்குழு எல்.எஸ்.டி. கொடுத்தது பின்னர் வெளியானது. கேனரி சங்கத்தின் பலம் இந்தப் பேச்சில்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் அனுபவங்களை நூலாகவும் வெளியிட்டனர்.

அவர்களுக்குத் துணை நின்றவர் தாரோ தக்கிமோத்தோ என்ற வழக்கறிஞர். அவருடைய சக வழக்கறிஞரான சக்கமோத்தோவை, மனைவி, கைக்குழந்தையோடு 1989இல் அக்குழுவினர் கொன்றுவிட்டார்கள். 1994இல் தக்கிமோத்தோவின் காரிலும் சரின் ஊற்றப்பட்டது. அவர் உயிர் தப்பினார். குரு அந்தரத்தில் மிதக்கும் படத்தை நம்பியவர்களுக்காக, இவரும் சம்மணமிட்டபடியே துள்ளிக் குதித்துப் படம் எடுத்துக் காட்டினார். ஆயிரம் அறிவுரையைவிட இந்த ஒரு குதி மேல்!

ஊராரின் கோபமும் நியாயமானதே. எனினும் பல நகராட்சிகள் குழுவினரைக் குடியிருப்பாளராகப் பதிவு செய்யவே மறுத்தன. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2003இல் உச்சநீதிமன்றம் கூறியது. எல்லாக் கதவும் அடைபட்டால், விலக நினைப்பவர் எங்கே போவார்? குழுவின் கதவு மட்டும் திறந்தே இருக்கும்.

2018 ஜூலையில் குரு அசாஹாராவும் 12 சீடர்களும் தூக்கிலிடப்பட்டனர். அந்த 12 பேரைத் தூக்கிலிட வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர், சரினுக்குத் தப்பிய அதே தக்கிமோத்தோ.