உங்க வீட்டுக் கடனை யாரோ வாங்கிட்டாங்க

போன மாசம் கூடங்குளத்துல இருந்து அப்பா போன் பண்ணார். "ஏல, லெட்டர் ஒண்ணு வந்திருக்கு. நம்ம வீட்டுக் கடன வேற பேங்குக்கு வித்துட்டானுவளாம். அப்போ வீடு?"

வீடு நம்மதுதான்ப்பா, கடன்தான் கைமாறியிருக்குன்னு சொன்னேன். அவர் நம்பல. இருபது வருஷத்துக்குன்னு கையெழுத்துப் போட்டவர், ஆள் மாறிட்டான்னா பயப்படத்தானே செய்வார்.

நடந்தது இதுதான். அப்பாவுக்குக் கடன் குடுத்தது ஒரு வீட்டு வசதிக் கடன் நிறுவனம். வங்கி மாதிரி அதுக்கு சேவிங்ஸ் அக்கவுண்ட் பணம் கிடையாது. அதுவே பெரும்பாலும் வெளியில கடன் வாங்கித்தான் குடுக்குது. குடுத்த காசு முழுசா திரும்பி வர இருபது வருஷம். அதுக்குள்ள பக்கத்துத் தெருக்காரர் வந்து கடன் கேட்டா? அதனால அப்பாவோட இஎம்ஐ வாங்குற உரிமையை, இன்னும் பல பேரோட கடன்களோட சேர்த்து ஒரு வங்கிக்கு வித்துடுது. மொத்தமா காசு கைக்கு வரும், அடுத்தவருக்குக் கடன் போகும். இதுதான் இரண்டாம் நிலைச் சந்தை. சின்ன வீட்டுக் கடன்னா, வாங்குற வங்கிக்கு முன்னுரிமைத் துறைக் கணக்கும் சேரும்.

இன்னொரு வழி, கடன்களைத் தொகுத்துப் பத்திரமாக்கி முதலீட்டாளர்களுக்கு விக்கிறது. அமெரிக்காவுல இது 1970லயே வந்தாச்சு. இங்க தேசிய வீட்டுவசதி வங்கி 2000ல முதல் முயற்சி பண்ணுச்சு. 2025 மே மாசம் எல்ஐசி ஹவுசிங் பைனான்ஸ் குடுத்த கடன்களை வச்சு 1,000 கோடி ரூபாய்க்கான பத்திரம் தேசிய பங்குச் சந்தையில பட்டியலாச்சு. நடுவுல இருபத்தஞ்சு வருஷம்!

2008 ஞாபகம் வருதா? எப்படியும் விக்கப் போறோம்னு, கட்ட முடியாதவங்களுக்கும் அங்க கடனை அள்ளிக் குடுத்தாங்க. அதனாலதான் ரிசர்வ் வங்கியோட விதிப்படி, வீட்டுக் கடன்களைப் பத்திரமாக்கினா குறைஞ்சது 5 சதவீதத்தை விக்கிறவங்களே வச்சுக்கணும். இது போதுமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கடன் ஒப்பந்தத்துல உள்ள வட்டி, தவணை எதுவும் இதனால மாறாதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். பழைய நிறுவனம் எழுத்துல உறுதி பண்ணாம புது அக்கவுண்ட்டுக்குப் பணம் போடாதீங்கன்னும் சொன்னேன்.

"அதெல்லாம் சரில. மூலப்பத்திரம் யார்ட்ட இருக்கு?"

சரியான கேள்வி. கடன் முடிஞ்ச 30 நாளுக்குள்ள பத்திரம் திரும்பி வரணும். அவங்க பக்கத் தவறால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரணும்னு விதி இருக்கு. ஆனா இப்ப அது யார் பீரோவுல இருக்குன்னு எழுதிக் கேட்டாத்தான் தெரியும். அப்பா எழுதிக் கேட்டிருக்கார். இன்னும் பதில் வரல.