நடு அதிகாரங்களை விடாமல் எழுதியவர்கள்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுதியில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் மறந்திருக்காது. ஆராதனை முடிந்து, சோறு சாப்பிட்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதிய பிறகு வாசிக்கும் நேரம். அன்றைக்குக் கதைப் புத்தகம் கையில் எடுக்கக்கூடாது. கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த விசுவாசிகளின் வாழ்க்கை வரலாறுகளைத்தான் எடுக்கலாம். நாங்கள் முதல் அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் வாசித்துவிட்டு மூடிவிடுவோம். தொடக்கத்தில் துன்பம், முடிவில் வெற்றி. ரீச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அது போதும்.

அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முதலில் சொல்லவேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதை இது. அவளுடைய அனுமதியோடுதான் சொல்லுகிறேன்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் கொஞ்ச நாள், பிறகு வன்னி. அங்கே அவளுடைய ஆறு வயது மகனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. பிள்ளை தப்பவில்லை. நான் பார்க்கப் போனேன். கொட்டிலின் வாசலில் அவள் இருந்தாள். என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. பாடமாக்கி வைத்திருந்த யோபு புத்தக வசனம் ஒன்றை எடுத்துச் சொன்னேன். கொடுத்தவரே எடுத்தார் என்று வருமே, அந்த வசனம். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "உன்ரை பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு சொல்லுறாய்."

உண்மை. என் மகள் என் மடியில்தான் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஜெபக் கூட்டங்களுக்கு வரவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. அவளுடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று நானும் மற்றவர்களும் பேசிக்கொண்டோம்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஓய்வு பெற்றபின், அந்த மேல்தட்டுப் புத்தகங்களின் நடு அதிகாரங்களை வாசிக்கத் தொடங்கினேன். அவற்றில் மூன்றைப் பற்றி இன்றைக்குச் சொல்ல விரும்புகிறேன். இங்கே சைவத் தோழிகள் பலர் இருக்கிறீர்கள். துன்பம் எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்று கேட்டு வருவதில்லை. ஆகவே இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலாவது, பண்டித ரமாபாய். 1858இல் பிறந்தவர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பது பாவம் என்று இருந்த காலத்தில், தகப்பனார் தன் மனைவிக்குக் கற்பித்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்பித்தார். தலம் தலமாக நடந்து புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம் பஞ்சத்தில் அகப்பட்டது. தகப்பன், தாய், அக்கா மூவரும் சில மாதங்களுக்குள் பட்டினியால் இறந்தார்கள். மிஞ்சிய அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்துப் பண்டிதை என்று பட்டம் கொடுத்தார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். சாதி பாராமல் மணந்துகொண்ட கணவர் 1882இல் வாந்திபேதியில் இறந்தார். கையில் ஒரு பெண் குழந்தை.

1883இல் இங்கிலாந்து போய், அங்கிலிக்கன் சகோதரிகளின் மடத்தில் தங்கி, ஞானஸ்நானம் பெற்றார். நாங்கள் விடுதியில் வாசித்த கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆண் மாணவர்களுக்கு அவர் படிப்பிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, இந்தியாவில் இருந்த ஆயர்மார் கூடாது என்றார்கள். பிராமணக் குருமாரின் கட்டளைக்கு அடங்க மறுத்து வந்த பெண், இன்னொரு குருமாரின் கட்டளைக்குத் தன் மனச்சாட்சியைக் கையளிக்க மறுத்தார். அந்தக் கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. தன்னை அன்போடு தாங்கிய சகோதரிகளோடே அவர் வாதாடுவதை அவற்றில் பார்க்கலாம்.

1907இல் அவர் எழுதிய சிறிய நூலின் பெயர் 'ஒரு சாட்சி' என்று பொருள்படும். அதில் வெளிப்படையாக ஒன்றைச் சொல்லுகிறார். ஞானஸ்நானம் எடுத்தபோது தனக்குக் கிடைத்தது ஒரு சமயம்; கிறிஸ்துவைக் கண்டுகொள்ள இன்னும் எட்டு ஆண்டுகள் சென்றன. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போனார், நூல் எழுதினார், 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். ஊர் உலகத்துக்கு அவர் பெரிய கிறிஸ்தவப் பெண்மணி. உள்ளே இன்னும் தேடிக்கொண்டிருந்தவர். அதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. 1896-97 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காவில் கூட்டிச் சேர்த்தார். பட்டினியில் தன் வீட்டாரை இழந்தவருக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாதா?

இரண்டாவது, ஒல்லாந்து நாட்டு ஹார்லெம் நகரத்துக் கோரி டென் பூம். மணிக்கூடு திருத்தும் குடும்பம். ஜேர்மனியர் நாட்டைப் பிடித்தபோது யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். 1944 பெப்ரவரியில் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். 84 வயதுத் தகப்பனார் பத்து நாள் அளவில் சிறையில் இறந்தார். கோரியும் அக்கா பெற்சியும் ராவென்ஸ்புரூக் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிசம்பரில் அக்கா இறந்தார். அந்த மாத முடிவில், எழுத்தர் ஒருவரின் தவறினால் கோரி விடுதலையானார்.

தெள்ளுப்பூச்சிக் கதையை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அக்கா தெள்ளுப்பூச்சிக்காகவும் நன்றி சொன்னார். அதற்குப் பயந்து காவலர் உள்ளே வராததால் வேதாகமம் வாசிக்க முடிந்தது. பிரசங்கத்துக்கு நல்ல கதை. ஆனால் 1971இல் வந்த நூலில் வேறு பக்கங்களும் உண்டு. தெள்ளுப்பூச்சிக்கு நன்றி சொல்லக் கோரிக்கு மனம் வரவில்லை. விற்றமின் போத்தலை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் அக்காவுக்கென்று ஒளிக்கப் பார்த்தார். குளிரில் வரிசையாக நிற்கும்போது, ஓரத்தில் மற்றவர்கள் நிற்கட்டும் என்று நடுவில் புகுந்து நின்றார். அந்த நாட்களில் தன் ஜெபம் வறண்டுபோனதையும் எழுதுகிறார். போர் முடிந்தபின் மியூனிக் நகரத்தில், மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்த நேரம், முகாமின் பழைய காவலன் ஒருவன் கை நீட்டினான். கோரியின் கை எழும்பவில்லை. மன்னிப்பைப் பிரசங்கித்தவரின் கை! தன்னிடம் மன்னிப்பு இல்லை, நீர்தான் தரவேண்டும் என்று உள்ளுக்குள் மன்றாடிய பிறகே எழும்பியது.

மூன்றாவது, சி. எஸ். லூயிஸ். இவர் 1940இல் துன்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடவுள் நல்லவராக இருந்தும் துன்பம் ஏன் என்பதற்கு அறிவுபூர்வமான விளக்கம். இருபது வருடம் கழித்து, 1960 யூலையில், மனைவி ஜோய் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் கிடந்த வெற்றுக் கொப்பிகளில் லூயிஸ் எழுதத் தொடங்கினார். 1961இல் அது நூலாக வந்தது, வேறொரு பெயரில். அவர் 1963இல் இறந்த பிறகே சொந்தப் பெயரில் வெளிவந்தது.

அந்தக் கொப்பிகளில் விளக்கம் இல்லை. தேவை வந்தபோது கடவுள் எங்கே போனார் என்று கேட்கிறார். கடவுள் இல்லை என்று நினைத்துவிடுவேனோ என்பதைவிட, கடவுள் கொடியவர் என்று நம்பிவிடுவேனோ என்றே பயப்படுகிறார். சமய ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்கிற அளவுக்குக் கோபப்படுகிறார். கடைசிக் கொப்பியிலும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்பதை அவரிடமே கேட்டார்.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு அந்தக் கொட்டில் வாசல் ஞாபகம் வந்தது. பிறகு யோபுவின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 42 அதிகாரம். நான் சொன்ன வசனம் முதலாம் அதிகாரத்தில் உள்ளது. மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதற்குப் பிறகு அவன் வழக்காடுகிறான். நண்பர்கள் கடவுளின் பக்கம் நின்று அழகாகப் பேசுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார்? யோபுவை அல்ல, நண்பர்களை. யோபு பேசியதே சரி என்கிறார். நான் கொட்டில் வாசலில் யோபுவின் வசனத்தைத்தான் சொன்னேன். ஆனால் நண்பர்களின் இடத்தில் நின்று சொன்னேன்.

தோழிக்குக் கடிதம் எழுதினேன். அவள் அப்போது கனடாவில் இருந்தாள். நாலு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு தாள் வந்தது. மன்னித்தேன் என்று அதில் இல்லை. மகனுடைய பெயரை எழுதி, அவனுக்குப் பனங்காய்ப் பணியாரம் விருப்பம் என்றும், மழைக்குப் பயப்படுவான் என்றும், காய்ச்சலின் கடைசி இரவில் தண்ணீர் கேட்டான் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: "இதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை." இப்போது நாங்கள் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் கதைக்கிறோம். அவள் தேவாலயத்துக்குச் சில ஞாயிறு போகிறாள், சில ஞாயிறு போவதில்லை. நான் காரணம் கேட்பதில்லை.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்லும்போது நோய் மாறியதை, விசா கிடைத்ததைச் சொல்லுகிறோம். மாறாத நோயை, திரும்பி வராத பிள்ளையைப் பற்றிச் சாட்சி சொல்ல மேடை இல்லை. அதனால் அப்படிப்பட்டவர்கள் பின்வாங்கில் இருந்து, மெதுவாக வெளியே போய்விடுகிறார்கள். அவர்களுடைய விசுவாசம் செத்துவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் யோபுவின் நடு அதிகாரத்தில் இருக்கிறார்கள் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

நூறு வருடம் கண்ட பள்ளியின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்குள் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை இழப்பு, எத்தனை அநீதி! சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய மாணவிகளின் வாழ்க்கை நினைவுகளை எழுதி வாங்கி, பள்ளி நூலகத்தில் ஓர் அலுமாரியில் வையுங்கள். எழுதப்போகும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பட்டமும் பதவியும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபிக்க முடியாமல் போன மாதங்களையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்து, எனக்கு மட்டுமல்ல இப்படி என்று அறிந்துகொள்ளட்டும்.

எழுத முடியாதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தோழி வசனம் எதுவும் சொல்லாமல், இறந்த பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்கட்டும்.