முதல் வார்டு



பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு ஆண்டு, டிப்ளமோ என்றால் மூன்று ஆண்டு. தேர்வு முடிந்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, பதிவு எண்ணும் கைக்கு வந்தாயிற்று. இனி வேலை தேட வேண்டும். வீட்டில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்த ஆஸ்பத்திரி? எவ்வளவு சம்பளம்? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோருக்குக் கேட்கத் தெரியாது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கோ இன்டர்வியூவில் கேட்கத் துணிச்சல் வருவதில்லை. வேலைக்குப் போகும் வார்டில், ஒரு ஷிஃப்டில், ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார்?

இது வேலைச்சுமை பற்றிய கேள்வி மட்டுமில்லை, நோயாளியின் உயிர் பற்றியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த நர்ஸ் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்குக் கலிஃபோர்னியா 1999-இலேயே சட்டம் இயற்றி, 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு, போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. இரவு டியூட்டியில் ஒரு பொது வார்டைப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கும் நடைமுறையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியும்.

புதிதாக வந்தவருக்கு அந்த வார்டில் என்ன நடக்கிறது? கல்லூரியில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பராமரிப்புத் திட்டம் எழுதிப் பழகியவர் அவர். இங்கே மூன்றாம் கட்டிலில் ட்ரிப் தீரப்போகிறது. ஏழாம் கட்டிலுக்கு ஆன்டிபயாடிக் நேரம் தாண்டிவிட்டது. ஸ்கேனுக்கு அழைத்துப் போக வீல்சேரோடு ஆள் வந்து நிற்கிறார். டிஸ்சார்ஜ் ஆகிறவரின் மகன் மூன்றாவது முறையாக வந்து பில் கேட்கிறார். எதை முதலில் செய்வது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை. மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் இந்த அதிர்ச்சிக்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயரிட்டு, அதே தலைப்பில் 1974-இல் ஒரு நூலே எழுதினார். நர்சுகள் ஏன் இந்தத் தொழிலைவிட்டே போகிறார்கள் என்பதுதான் அந்த நூல் ஆராயும் விஷயம். அரை நூற்றாண்டு கடந்தும், நம்மூர் ஹாஸ்டல் அறைகளில் முதல் மாத டியூட்டி முடிந்து அழுகிற பெண்களுக்கு அது பொருந்துகிறது. அழுவது தகுதிக் குறைவு இல்லை என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 1984-இல், பாட்ரிஷியா பென்னர் அடுத்த கட்டத்தை விளக்கினார். தொடக்கநிலையில் இருக்கும் நர்ஸ் ஐந்து படிகளில் கைதேர்ந்தவர் ஆகிறார். இதில் நடுப்படி, அதாவது ஒரு ஷிஃப்டை யார் துணையும் இல்லாமல் திட்டமிட்டு நடத்தும் திறமை, ஏறக்குறைய ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்த பிறகே கைவரும் என்றார். இதய வார்டில் தேர்ந்தவரைப் பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வில் கொண்டுபோய் விட்டால், அங்கே அவர் மறுபடியும் புதியவர்தான்.

வேலை மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது பென்னரின் இந்தக் கருத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எட்டாம் மாதத்தில், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போகிறவர், பாதி கற்றதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். அதற்காக, என்ன நடந்தாலும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்வதும் சரியில்லை. சந்தேகம் கேட்க சீனியர் ஒருவர்கூட இரவில் இல்லை, வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள், தவறு நடந்தால் பழி மட்டும் நர்ஸ் தலையில் விழுகிறது என்றால், அது கற்றுக்கொள்ளும் இடமில்லை. அங்கிருந்து ஆறே மாதத்தில் கிளம்பினாலும் தப்பில்லை. கிளம்பும் முன் இன்னொரு வழியும் இருக்கிறது. நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் எழுதிக் கொடுத்து வேறு வார்டு கேட்கலாம். இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவர் மாறினால் அதே ஆஸ்பத்திரி வேறு இடமாகிவிடும்.

சம்பளம் முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்விக் கடன் கட்டுகிற வீட்டில் அது நாள்தோறும் எழும் பேச்சு. இந்திய நர்சுகள் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்ஸ் வாங்கும் சம்பளத்தையே தர வேண்டும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் அடுத்தடுத்துப் போராடியதால், 2018 ஏப்ரலில் அந்த 20,000 ரூபாய் அரசாணையாகவே வந்தது. பரிந்துரை தானாகச் சம்பளமாக மாறுவதில்லை என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அடுத்தது அரசு வேலை. தமிழ்நாட்டில் நர்சிங் முடித்த எல்லோருடைய கண்ணும் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மீதுதான் இருக்கிறது. 2015-இல் தேர்வு எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகள் வந்தார்கள். தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் காலமுறை ஊதியம் என்ற நம்பிக்கையோடு தனியார் வேலையை உதறிவிட்டு வந்தவர்கள் பலர். நம்பிக்கை தள்ளிப்போனதும், 2017 நவம்பர் இறுதியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பிறகு ஊதியம் 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. கோவிட் காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தபோது, அவர்களும் தெருவுக்கு வந்துதான் கேட்க வேண்டியிருந்தது. அரசு வேலைக்கு ஆசைப்படுவது முழுக்க நியாயம். ஆனால் ஆணையில் நிரந்தரமா, ஒப்பந்தமா, எத்தனை மாதம் என்ற வரியைப் படித்துப் பார்த்த பிறகே இருக்கும் வேலைக்கு ராஜினாமா எழுத வேண்டும்.

எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் ஒரு நிபந்தனை பலருக்கும் பிந்தியே தெரியவருகிறது. பி.எஸ்சி. முடித்தவருக்கு முன் அனுபவம் தேவையில்லை. டிப்ளமோ படித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில், இருபது படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று ஆண்டு ராப்பகலாக உழைத்த டிப்ளமோ நர்ஸ், விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அந்த மூன்று ஆண்டும் கணக்கில் வராது என்று அறிகிறார். அந்த உழைப்பு வீண் இல்லை, ஆனால் காகிதத்தில் அதற்கு இடமில்லை. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆண் நர்சுகளுக்கு இன்னொரு செய்தி: அங்கே பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மீதமுள்ள இடங்களுக்குப் போட்டி கடுமையாக இருக்கும்.

காகிதம் என்றதும் பாண்ட் நினைவுக்கு வருகிறது. சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது, இரண்டாண்டுக்கு முன் போனால் பெரும் தொகை கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது எல்லாம் இன்னும் நடக்கிறது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஒரே இடத்தில் வேலை பார்க்க வைக்க நம் சட்டத்தில் இடமில்லை. இழப்பீடு கேட்டால்கூட, பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதும் கிடைத்துவிடாது, நியாயமான அளவுதான் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். சான்றிதழின் நகலைக் கொடுக்கலாம், ஒரிஜினலைக் கொடுக்கக் கூடாது. கிளம்பும்போது நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றும் வாங்க வேண்டும். எந்த வார்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று சான்றில் இருக்கிறதா என அங்கேயே படித்துப் பார்த்துவிடுவது பின்னால் பல நடைகளை மிச்சப்படுத்தும்.

இரண்டாண்டு அனுபவச் சான்றை வளைகுடா மருத்துவமனைகளும் பெரும்பாலும் கேட்கின்றன. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. படித்து வாங்கக்கூடியவை இவை. பயப்பட வேண்டியது ஏஜெண்டைப் பார்த்து. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி மீண்டு வந்த 46 நர்சுகளில் பெரும்பாலோர் கேரளத்தவர், தமிழ்நாட்டுப் பெண்ணும் இருந்தார். ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கிய கடன் தீராததால்தான், குண்டுச் சத்தம் கேட்டும் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். அடுத்த ஆண்டே, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற தனியார் ஏஜெண்டும் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

கல்யாணமும் குழந்தையும் வரும்போது வேலை மாற்றத்துக்கு இன்னொரு கணக்கு சேர்கிறது. மகப்பேறு விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அதே நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். குழந்தையை எதிர்பார்க்கும் நேரத்தில் புது ஆஸ்பத்திரிக்கு மாறுகிறவர் இந்த 80 நாளை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடுப்பு முடிந்ததும் பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டிக்குத் திரும்ப முடியாமல் வேலையையே விடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகளில் ஓ.பி., தொற்றுக் கட்டுப்பாடு, தரப் பிரிவு போன்று பெரும்பாலும் பகலிலேயே நடக்கும் வேலைகள் இருக்கின்றன. வார்டில் தேர்ந்த கை இருந்தால்தான் அந்த இடங்கள் கிடைக்கும். சில ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு வர நினைப்பவர்களும் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க, இந்திய நர்சிங் கவுன்சில் 150 மணி நேரத் தொடர் கல்வியைக் கேட்கிறது. ஆண்டுக்கு 30 மணி நேரம். குழந்தை தூங்கும் நேரத்தில், அருகிலுள்ள நர்சிங் கல்லூரி நடத்தும் ஒருநாள் வகுப்புகளில், அதைச் சேர்த்துக்கொண்டே வரலாம்.