ஒரு காலா, ரெண்டு காலா?

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"சார், அமெரிக்கா போயிட்டு வந்தீங்களே, பத்து நிமிஷம் பேசுங்க, கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றுதான் செயலாளர் என்னை அழைத்தார். யோசெமிட்டி அருவிகளைப் பற்றியும் கோல்டன் கேட் பாலத்துக் குளிர்காற்றைப் பற்றியும் பேசலாம். ஆனால் அந்தப் படங்களையெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஏற்கெனவே உங்களைப் படுத்திவிட்டேன். அதனால் நான் ஒரு படம்கூட எடுக்காத பகுதியைப் பற்றிப் பேசுகிறேன். திரும்பி வந்த பயணம்.

போகும்போது நாம் எவ்வளவு திட்டமிடுகிறோம்! பருப்புப் பொடியை எடை போடுகிறோம், ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்று கவர் சுற்றுகிறோம், டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குகிறோம். திரும்பும்போது? "வீட்டுக்குத்தானே போறோம்" என்று கிளம்பிவிடுகிறோம். நானும் என் மனைவியும் அப்படித்தான் கிளம்பினோம்.

ஜூன் மாதம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம். அங்கே நான்கு மணி நேரம் காத்திருப்பு. பிறகு சென்னைக்கு நான்கு மணி நேரம். மகள் வீட்டு வாசலிலிருந்து நம் கேட் வரை கணக்குப் போட்டால் 30 மணி நேரம்.

என் மனைவிக்கு ஜன்னல் சீட், எனக்கு நடு சீட். ஓரத்தில் ஓர் இளைஞர். ஏறிய அரை மணியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். "பாவம், தூங்கறவரை எழுப்பணுமா?" என்றார் என் மனைவி. பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். 16 மணி நேரத்தில் இரண்டே முறை எழுந்தார். இறங்கிய இடத்திலாவது நடந்தோமா? வழி தேடி அலைய வேண்டாம் என்று பிள்ளைகள் இருவருக்கும் வீல்சேர் பதிவு செய்திருந்தார்கள். அங்கேயும் உட்கார்ந்தே இருந்தோம்.

உட்கார்ந்திருப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற, கெண்டைக்கால் தசைதான் பம்பு மாதிரி வேலை செய்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது பிழிந்து மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. ரத்தம் தேங்குகிறது. சிலருக்கு உள்ளே இருக்கும் பெரிய ரத்தக் குழாயில் கட்டி உறைகிறது. அது உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இத்தனைக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல்தான் இருக்கும். கிட்டத்தட்ட கொடைக்கானலில் 16 மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

சென்னையில் இறங்கினோம். எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. என் பிபி மாத்திரை அதற்குள். இது முழுக்க என் முட்டாள்தனம். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்குள் பழைய சீட்டைத் தேடி எடுத்து மாத்திரை வாங்கினேன். இந்தக் கலவரத்தில் மனைவியை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அடுத்து ஜெட்லாக். கோடையில் சான் பிரான்சிஸ்கோவைவிட நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை. பகல் அப்படியே இரவாகிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தோம். பகலில் சோஃபாவிலேயே தூங்கினோம். மூன்றாம் நாள் "இடது கால் கனமா இருக்கு" என்றார் மனைவி. "ஜெட்லாக்" என்றேன். "கெண்டைக்கால் வலிக்குது" என்றார். "சீட்டுல மடக்கி உட்கார்ந்தது, சரியாயிடும்" என்றேன்.

நான்காம் நாள் எதிர் வீட்டு அம்மா வந்தார். உங்களில் பலருக்குத் தெரியும், ஓய்வு பெற்ற நர்ஸ். நாங்கள் இல்லாத நாட்களில் எங்கள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றியவர். சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நான் தைல பாட்டிலோடு நிற்பதைப் பார்த்து, "என்ன சார்?" என்றார். கால் வீக்கம் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு காலா, ரெண்டு காலா?"

நான்கு நாளாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கால்தான். தொட்டுப் பார்த்தால் சூடு வேறு. "தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க சார், கட்டி இருந்தா நகர்ந்துடும். இப்பவே கிளம்புங்க" என்றார். நாங்கள் தயங்குவதைப் பார்த்து அவரே ஆட்டோ பிடித்துக் கூட வந்தார். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் கட்டி தெரிந்தது. மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இன்று நன்றாக இருக்கிறார். இதோ, முன் வரிசையில் உட்கார்ந்து, நான் எதையாவது மிகைப்படுத்துகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அப்படியும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. விமானத்தில் மட்டுமல்ல, காரிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் அசையாமல் இருந்தால் இதே கதைதான். ஆனால் வயது கூடியவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இந்த அரங்கைச் சுற்றிப் பார்த்தால், முதல் வரியிலேயே நம்மில் பாதிப் பேர் வந்துவிடுகிறோம்.

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓரத்து சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். அவர் மறுபடி தூங்கிவிடுவார். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்குங்கள். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். காலடியில் பையை அடைத்துக் காலை முடக்காதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேர் கட்டாயம் வேண்டும். நடக்க முடிந்தவர்கள், மாறும் விமான நிலையத்தில் நடங்கள். இறுக்கமான காலுறையோ, ஆஸ்பிரினோ, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார் பதிவு செய்து ரசீது வாங்குங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு நஷ்டஈடு கேட்க, அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு ஏழு நாட்களுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தியா 2009-இல் ஏற்றுக்கொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ள விதி இது.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சூடாக இருந்தால், சிவந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, இருமலில் ரத்தமோ வந்தால் 108. வந்திறங்கிச் சில வாரங்கள் வரைகூட இது வரலாம். ஜெட்லாக் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கெடுக்கும். ஒரு காலை மட்டும் வீங்க வைக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் பல வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டும், சில வீடுகளில் ஒருவர் மட்டுமே இருக்கிறோம். பிள்ளைகள் அந்தப் பக்கம் விமானம் ஏற்றிவிட்டு, "ரீச்டு சேஃப்லி" என்ற செய்தி வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நாமும் குழுவில் ஒரு "வெல்கம் பேக்" போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். திரும்பி வருகிறவர் என்று வருகிறார் என்பது பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த ஒருவர் இரண்டாம் நாளும் நான்காம் நாளும் கதவைத் தட்டட்டும். சாக்லேட் கிடைக்கிறதா என்று பார்க்கப் போவதாகக்கூட வைத்துக்கொள்ளுங்கள். போய், "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்பதோடு, கால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

எதிர் வீட்டு அம்மா அன்று சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கதவைத் தட்டினார். அதனால்தான் இன்று நான் உங்கள் முன்னால் ஜாலியாகப் பேச முடிகிறது.